ஒட்டிக்கொள்ளாத இரண்டு காந்தங்கள்

சென்ற ஆண்டு புதுச்சேரி ஆஸ்பத்திரியில் என் நெஞ்சுத் தோலுக்கு அடியில் ஒரு சின்னக் கருவியை வைத்தார்கள். இதயம் சோம்பேறித்தனம் பண்ணினால் அது தட்டிக்கொடுக்குமாம். வீட்டுக்கு அனுப்பும் நாளில் டாக்டர், "என்ன தொழில் பண்றீங்க?" என்று கேட்டார். புதியவர்களிடம் எனக்குப் பேச்சு எழாது. என் மனைவிதான் சொன்னாள்: "மேக்னெட்டுக்கு சார்ஜ் ஏத்துவாருங்க."

எழுதிக்கொண்டிருந்த பேனாவை டாக்டர் கீழே வைத்துவிட்டார். "உலகத்துல எத்தனையோ தொழில் இருக்கும்மா. இவருக்கு இதுதான் கிடைச்சுதா? இனிமே காந்தம் இருக்கிற பக்கமே போகக்கூடாது" என்றார்.

அன்றோடு விழுப்புரத்தில் என் கடை மூடப்பட்டது. துக்கம் விசாரிப்பதுபோலப் பலர் வந்து பார்த்தார்கள். எனக்கு ஒன்றும் வருத்தமில்லை என்று சொன்னால் நம்பவில்லை. இப்போது வரும் காந்தங்கள் நகத்தளவு இருந்தாலும் வலு இறங்குவதில்லை. எங்கள் காலத்துக் காந்தம் கீழே விழுந்தால் சோர்ந்துவிடும், சூடு பட்டால் சோர்ந்துவிடும், பிரித்து மேசைமேல் சும்மா வைத்தால்கூடச் சோர்ந்துவிடும். அதற்குத் திரும்ப வலு ஏற்றுவது எங்கள் வேலை. அந்த வேலை தேவைப்படாமல் போனது நல்லதுதான்.

ஆனால் விழுப்புரத்தில் ஸ்பீக்கர் பழுது பார்க்கும் தம்பிகள் சிலர் என்னை விடவில்லை. "அண்ணே, நீங்க கிட்டாருக்கெல்லாம் மேக்னெட் சார்ஜ் ஏத்தினீங்களாமே, அது எப்படின்னு வந்து பேசுங்க" என்றார்கள். மேடையில் பேசச் சொன்னால் நான் ஊரைவிட்டே போய்விடுவேன் என்று என் மனைவி சொன்னதும், எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். ஐந்தாம் வகுப்பு வரை படித்த படிப்பை வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறேன்.

என் ஊர் கண்டாச்சிபுரம். மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலை பறிக்கவும் மாடு பார்க்கவும் ஆள் இருந்ததால் என்னை வேலைக்கு அனுப்பினார்கள். திண்டிவனத்தில் ஒரு மோட்டார் காயில் சுற்றும் கடையில் சேர்ந்தேன். கம்பி சுற்றினேன், வார்னிஷ் அடித்தேன், டீ வாங்கினேன். மீசை அரும்பியபோது ஜமால் பாய் கடைக்கு மாறினேன். அங்கேதான் எண்பதுகள் முழுவதும் இருந்தேன். பிறகு விழுப்புரத்தில் சொந்தமாகக் கடை போட்டேன். அதற்குப் பிறகு நடந்ததில் எழுதுவதற்கு அதிகம் இல்லை.

ஜமால் பாய் கோட்டக்குப்பத்துக்காரர். வளைகுடாவில் ஜெனரேட்டர் ஒர்க்‌ஷாப்பில் சில காலம் இருந்துவிட்டுத் திரும்பி, திண்டிவனத்திலேயே மரக்காணம் சாலையில் கடை போட்டார். மொபெட் எஞ்சினில் காந்தத்தோடு சுற்றும் ஃப்ளைவீல், வயலுக்கு மருந்தடிக்கும் ஸ்பிரேயர் எஞ்சின், மைக்செட் ஹார்ன், சைக்கிள் டைனமோ எல்லாம் எங்களிடம் வரும். காந்தம் வலு இறங்கினால் மொபெட் உதைக்க உதைக்கக் கிளம்பாது. ஹார்ன் மூக்கடைத்தவன் மாதிரி பேசும்.

எங்கள் இயந்திரம் பார்க்க ஒன்றுமில்லை. இரும்புத் தூண் இரண்டு, அவற்றின்மேல் தடித்த கம்பிச் சுற்று, வரிசையாக லாரி பேட்டரிகள், ஒரு கத்தி ஸ்விட்ச். வலு இழந்த காந்தத்தைத் தூண்களின் தலைமேல் வைத்து, ஸ்விட்சை ஒரு நொடி போட்டு எடுக்க வேண்டும். போட்டிருக்கும் அந்த ஒரு நொடியில் மரச் சுத்தியால் காந்தத்தை லேசாகத் தட்ட வேண்டும். அடிக்கக் கூடாது, கதவைத் தட்டுவது போலத் தட்ட வேண்டும். இப்படி நாலைந்து முறை. அதன் பிறகு, காந்தத்தை எடுப்பதற்கு முன்பே, அதன் இரண்டு முனைகளையும் சேர்த்து ஒரு இரும்புத் துண்டை வைத்து மூட வேண்டும். அதைக் கீப்பர் என்போம். "வாயத் தொறந்து வெச்சா உசுரு போய்டும்டா" என்பார் பாய். எங்கள் கடையில் கீப்பர் இல்லாத காந்தத்தைப் பார்க்க முடியாது.

எதையும் பிரிப்பதற்கு முன்னால் வட முனை எது என்று காம்பஸ் வைத்துப் பார்த்து அடையாளம் போட வேண்டும். அதற்குப் பாய் சிவப்பு நெயில் பாலிஷ் வைத்திருந்தார். பெயிண்டைவிடச் சீக்கிரம் காயும் என்பதால். ஃபேன்சி ஸ்டோரில் அவர் அதை வாங்கும்போதெல்லாம் கடைக்காரர், "பாய், இந்த மாசம் எத்தினி பேருக்கு?" என்று கேட்பார். பாய் முகம் மாறாமல், "எல்லாத்துக்கும் ஒரே கலரு போதும்" என்பார்.

கடை வாசலில் ஓர் ஆணி. உள்ளே வருகிறவர்கள் கைக்கடிகாரத்தைக் கழற்றி அதில் மாட்ட வேண்டும். காந்தம் பட்டால் கடிகாரம் ஓடுவதை மறந்துவிடும். ஒருமுறை வளவனூரிலிருந்து ஒரு பெரிய மனிதர் ஸ்பிரேயரோடு வந்தார். புதுக் கடிகாரத்தைக் கழற்ற மாட்டேன் என்றார். "என் கடியாரம், கெட்டா நான் பாத்துக்கறேன்" என்றார். பாய் ஸ்விட்சை எடுத்துவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படிக்க ஆரம்பித்தார். விளம்பரங்களைக்கூட விடாமல் படித்தார். பெரியவர் எழுந்தார், உட்கார்ந்தார், கடைசியில் தானே போய் ஆணியில் மாட்டினார். பாய் பேப்பரை மடித்து வைத்துவிட்டு வேலையைத் தொடங்கினார். அவர் கோபம் அப்படித்தான். சத்தம் இருக்காது. அவர் பேசிக்கொண்டிருந்தால் எங்களுக்குப் பயமில்லை, பேச்சு நின்றால்தான் செய்த வேலையை இன்னொரு தடவை சரிபார்ப்போம்.

அப்படி அவர் பேச்சு ஒரு பகலும் ஓர் இரவும் நின்றுபோனது ஒருமுறைதான். அது ஞானப்பிரகாசம் அண்ணன் கொண்டுவந்த கிட்டாரால்.

அது ஒரு வியாழக்கிழமை. விழுப்புரத்திலிருந்து பஸ்ஸில், சின்னக் குழந்தையைத் தூக்கி வருவதுபோல ஒரு நீளப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். உள்ளே பலகை மாதிரி கனமான ஒரு கருவி. மேலே ஆறு தந்தி.

"இது ஸ்டீல் கிட்டாரு பாய். மடியில படுக்க வெச்சி வாசிக்கறது" என்றார்.

"இதுல மேக்னெட்டு எங்க கீது?"

"தோ, தந்திக்கு மேல வளைஞ்சிக்கினு கீதே."

நானும் எட்டிப் பார்த்தேன். லாடம் போல வளைந்த காந்தம் இரண்டு. பக்கவாட்டில் படுத்து, வாயோடு வாய் பார்த்தபடி இருந்தன. ஒவ்வொன்றுக்கும் மேல் கை ஒன்று, கீழ்க் கை ஒன்று. மேல் கைகள் இரண்டும் தந்திகளுக்கு மேலே, கீழ்க் கைகள் இரண்டும் தந்திகளுக்குக் கீழே. கீழ்க் கைகளுக்கு இடையில் மெல்லிய கம்பிச் சுற்று. தந்தி அதிர்ந்தால் அந்தச் சுற்றில் மின்சாரம் பிறந்து ஆம்ப்ளிஃபையருக்குப் போகும். இந்த அமைப்பு முழுவதற்கும் பிக்கப் என்று பெயர்.

பாய்க்கு ஒரே ஆச்சரியம். "அட, மேக்னெட்டுக்குள்ள தந்தி ஓடுது! குகைக்குள்ள ரயிலு போற மாதிரி!"

"ரயிலு பேச்சு மட்டும் வாணாம் பாய்" என்று ஞானம் அண்ணன் சிரித்தபடி இடது கையைக் காட்டினார். நடுவிரலும் மோதிர விரலும் இல்லை. விழுப்புரம் ஜங்ஷனில் பெட்டிகளைக் கோர்க்கும் வேலையில் இருந்தபோது போனவை.

அதற்கு முன்பு அவர் ஓர் இன்னிசைக் குழுவில் சாதாரணக் கிட்டார் வாசித்தவர். அதற்கு இடது கையில் நான்கு விரலும் தந்தியை அழுத்த வேண்டும். விரல் போனதும் குழுவில் எல்லோரும் ஆஸ்பத்திரிக்கு வந்து ஆரஞ்சுப் பழம் கொடுத்து, வேறு ஆளையும் போட்டுவிட்டார்கள். அந்தச் சமயத்தில் ரயில்வே காலனியில் இருந்த ஓர் ஆங்கிலோ இந்திய டிரைவர் குடும்பத்தோடு ஆஸ்திரேலியா கிளம்பினார். போகும்போது இந்த ஸ்டீல் கிட்டாரை இவர் மடியில் வைத்துவிட்டுப் போனார். இதில் தந்தியை அழுத்த வேண்டாம். இடது கையில் ஒரு எஃகுத் துண்டைப் பிடித்துத் தந்திமேல் வழுக்கினால் போதும்.

"புடிக்கறதுக்கு ரெண்டு விரலு போதும் பாய். எனக்கு மூணு கீது" என்றார்.

இதை வாசித்துத்தான் குழுவில் மறுபடி இடம் பிடித்திருந்தார். ஆனால் ஒரு கச்சேரிக்குப் போகும்போது பெட்டி லாரி மேலிருந்து விழுந்தது. அன்றிலிருந்து சத்தம் இறங்கிக்கொண்டே வந்தது. ஆம்ப்ளிஃபையரைத் திருகி ஏற்றினால் கிட்டாருக்குப் பதில் 'உம்' என்ற இரைச்சல்தான் வந்தது. குழு நடத்தும் கோபால் என்பவர் புதிதாக ஒரு கீபோர்டு வாங்கியிருந்தார். அதில் ஒரு பொத்தானை அழுத்தினால் கிட்டார் மாதிரியே ஒலிக்குமாம்.

"ஞாயித்துக்கிழமை வளவனூர்ல ஒரு கல்யாண ரிசப்ஷன். அதுல ஒரு பாட்டு குடுக்கறேன், கிட்டாரு கேட்டா இரு, கேக்கலன்னா நீயே கௌம்பிடுன்னுட்டாரு. அவரு மேலயும் தப்பு இல்ல பாய், கேக்காத கிட்டார மேடையில வெச்சிக்கினு இன்னா பண்ணுவாரு. ஆனா எனக்கு வேற எதுவும் வாசிக்க வராது. வந்தாலும் கை இல்ல."

"ஜல்தியா முடிச்சிடலாம் தம்பி. கடியாரத்தக் கழட்டி மாட்டு" என்றார் பாய்.

தந்திகளைத் தளர்த்தி, காந்தங்களைக் கழற்றுவதற்கு முன் காம்பஸ் வைத்தோம். இடது காந்தத்தின் மேல் கை வடமுனை. நெயில் பாலிஷால் பொட்டு வைத்தேன். வலது காந்தத்தின் மேல் கையும் வடமுனையாக இருந்தது. பாய் காம்பஸை ஆட்டிவிட்டுத் திரும்ப வைத்தார். அதே வடக்கு. வெளியே எடுத்து ஒன்றின் வாயை மற்றதன் வாய்க்கு எதிரே கொண்டுபோனால், இருந்த கொஞ்சம் வலுவிலும் ஒன்றையொன்று தள்ளின.

"நோய் புரிஞ்சிபோச்சு" என்றார் பாய். "எவனோ ஒருத்தன் இத தலகீழா ஏத்திட்டான். பாரு, புருசனும் பொண்டாட்டியும் சண்ட போட்டு மூஞ்சத் திருப்பிக்கினு ஒரே வூட்ல குடியிருக்கற மாதிரி கீது. அப்பறம் எப்படி வலு நிக்கும்?"

எங்கள் கடையில் யாராக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். நாங்கள் தினமும் பார்க்கும் மொபெட் ஃப்ளைவீலில் ஒன்று வடக்கு என்றால் அடுத்தது தெற்கு. எதிரெதிர் காந்தம் கவ்விக்கொள்ள வேண்டும். கவ்வினால் நல்ல காந்தம், தள்ளினால் தவறு. வேலை முடித்துக் கொடுக்கும்போது வாடிக்கையாளர் முன்னால் இரண்டையும் ஒட்ட வைத்துக் காட்டுவது எங்கள் கடையின் வழக்கம். அந்த 'டக்' சத்தத்தில்தான் அவர்களுக்கு நிம்மதி வரும்.

ஒன்றை இருந்தபடியே ஏற்றினோம். மற்றதைத் திருப்பி வைத்து ஏற்றினோம். கீப்பரை எடுத்துவிட்டு எதிரெதிரே காட்டியபோது, என் கையிலிருந்ததைப் பிடுங்கிக்கொண்டு போய் மற்றதோடு ஒட்டியது. பிரிக்க ஸ்குரூ டிரைவர் தேவைப்பட்டது. பாய் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். "சமாதானம் ஆயிடுச்சு" என்றார்.

பூட்டினோம். தந்திகளை முறுக்கினோம். கடையிலிருந்த ஆம்ப்ளிஃபையரில் இணைத்தோம். ஞானம் அண்ணன் மடியில் வைத்து ஒரு தந்தியைத் தட்டினார்.

ஒன்றுமில்லை. இன்னொரு தந்தி. காதை ஸ்பீக்கரில் வைத்தால் தூரத்துக் கிணற்றில் யாரோ வாளி விட்ட மாதிரி கேட்டது. அவ்வளவுதான்.

"பாய், காத்தால வரைக்கும் முனகிக்கினாச்சும் இருந்துச்சு" என்றார் ஞானம் அண்ணன். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

பாய் கம்பிச் சுற்றைச் சோதித்தார், நன்றாக இருந்தது. வயரை மாற்றினார். ஆம்ப்ளிஃபையரை மாற்றினார். காந்தங்களை மறுபடி கழற்றிப் பார்த்தார், அவை முன்னைவிடப் பல மடங்கு வலுவாக ஒட்டின. வலு ஏறிய காந்தம், குறைந்த சத்தம். எங்களில் யாருக்கும் இதன் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. "நாளைக்கு வா தம்பி" என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு பேசவில்லை. டீ வந்தது, ஆறியது, அவர் குடிக்கவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஞானம் அண்ணன் கடை திறப்பதற்கு முன்பே வந்து நின்றார். பாய் காலை முழுவதும் கிட்டாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ஜும்மா தொழுகைக்குக் கிளம்பிப் போனார். கடையில் நானும் ஞானம் அண்ணனும் மட்டும். எனக்குத்தான் பேச்சு வராதே. அவரே பேசினார்.

"உனக்குப் பேச்சே வராதா ஏழுமல? எங்க வூட்ல என் பொண்ணு ஃபிலோன்னு ஒண்ணு கீது. அத உன் பக்கத்துல ஒக்கார வெச்சா ரெண்டு பேரும் சரியாப் பூடுவீங்க. மூச்சு விடாம பேசும். இந்தக் கிட்டாரக்கூட சும்மா வுடாது. குகைக்குள்ள குண்டூசியப் போட்டு, 'நிக்குதுப்பா, நிக்குதுப்பா'ன்னு கை தட்டும்."

எனக்கு ஏதோ உறுத்தியது. "எப்படிண்ணே நிக்கும்?" என்றேன்.

"எப்படின்னா? நேரா, கொடிமரம் மாதிரி."

மேசையில் ரசீது குத்தியிருந்த குண்டூசியை உருவி, தந்திகளுக்கு நடுவே காந்தங்களுக்கு இடையில் போட்டேன். நிற்கவில்லை. குறுக்காகப் படுத்துக்கொண்டது. நிமிர்த்திவிட்டால் மறுபடி படுத்தது.

"இன்னாப்பா, இதுக்கும் ஒடம்பு சரியில்லையா?" என்றார் அண்ணன்.

காந்தங்களைக் கழற்றினேன். கிட்டாரில் எப்படி இருந்தனவோ அதே இடைவெளியில், வாயோடு வாய் பார்க்க, மேசைமேல் படுக்க வைத்தேன். ஒட்டிக்கொள்ளாமல் இருக்க நடுவில் மரச் சிம்புகள். மேலே ஒரு பழைய காலண்டர் அட்டை. சாணைக்கல்லின் அடியிலிருந்து இரும்புத் தூளை அள்ளி அட்டைமேல் தூவி, விரலால் தட்டினேன். தூள் ஒரு காந்தத்தின் முனையிலிருந்து எதிர்க் காந்தத்தின் முனைக்கு நேராகப் போய்ச் சேர்ந்துகொண்டது. மேலே ஒரு பாலம், கீழே ஒரு பாலம். நடுவில், தந்திகள் ஓட வேண்டிய இடத்தில், தூள் போட்டது போட்டபடி கிடந்தது. அங்கே காந்தமே இல்லாத மாதிரி. இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டதில் தந்தியைக் கவனிக்க ஆள் இல்லை.

பிறகு ஒரு காந்தத்தை மட்டும் தலைகீழாகப் புரட்டினேன். இப்போது இரண்டும் தள்ளின. விலகாமல் இருக்கப் பக்கத்துக்கு ஒரு செங்கல் முட்டுக்கொடுத்தேன். அட்டையை வைத்துத் தூளைத் தட்டியதும் அத்தனையும் மேல் கையிலிருந்து கீழ்க் கைக்கு, நட்ட நாற்று மாதிரி வரிசையாக நின்றது. தந்தி ஓடும் இடம் முழுக்க.

ஞானம் அண்ணன் மூச்சை உள்ளே இழுத்தார். "ஃபிலோ பாத்தா குதிக்கும்" என்றார்.

முதலில் இருந்ததுதான் சரி. சண்டை போட்டுக்கொண்டிருந்ததால்தான் அந்த வலு முழுவதும் தந்தி வழியாகப் போயிருக்கிறது. தேவைப்பட்டது வலு மட்டும். இது எனக்கு விளங்கிவிட்டது. விளங்கியதும் பயம் வந்தது. வாடிக்கையாளர் முன்னால் முதலாளியிடம் இதை எப்படிச் சொல்வது? தனியாக இருந்தால்கூட என் வாயில் வராது. பாய் தெருமுனையில் வருவது தெரிந்தது. அட்டையை அப்படியே விட்டுவிட்டு, "டீ வாங்கினு வரேன்" என்று வெளியே போய்விட்டேன்.

எதிர் டீக்கடையிலிருந்து பார்த்தேன். பாய் உள்ளே நுழைந்தார். மேசையைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றிப் பைக்குள் வைத்தார். குனிந்து பார்த்தார். அட்டையை எடுத்து, காந்தத்தைத் தானே புரட்டி, தூளைத் தூவித் தட்டினார். பாலம். மறுபடி புரட்டினார். நாற்று. டீக்கடைக்காரர் என்னிடம், "இன்னாய்யா, உங்க பாய் கோலம் போட்டுக்கினு கீறாரு?" என்றார். நான் டீயை வாங்கிக்கொண்டு மெதுவாக, முடிந்த அளவு மெதுவாகச் சாலையைக் கடந்தேன்.

பாய் நிமிர்ந்தார். "ஏண்டா, வாயில இன்னா கொழுக்கட்டையா வெச்சிருந்த? சொல்றதுக்கு இன்னா?"

நான் டீயை நீட்டினேன். அவர் வாங்கிக் குடித்தார். நேற்றிலிருந்து அவர் குடித்த முதல் டீ.

பிறகு ஞானம் அண்ணனிடம் திரும்பினார். "தம்பி, தப்பு என்னுது. ஒட்டுனா நல்லதுன்னே பழகிட்டேன். இது ஒட்டக் கூடாத மேக்னெட்டு. சாயங்காலத்துக்குள்ள சரி பண்ணிக் குடுத்துடறேன். மனசுல வெச்சிக்காத."

"சத்தம் வந்தா போதும் பாய்" என்றார் அண்ணன்.

காந்தத்தைப் புரட்டி மாட்டினால் வேலை முடிந்துவிடும் என்று நான் நினைத்தேன். முடியாது. திருகுத் துளைகள் கீழ்க் கையில் மட்டும்தான் இருந்தன. ஆகவே தவறாக ஏற்றியதை இயந்திரத்தில் வைத்து, எதிர்ப்பக்கமாக மறுபடி ஏற்றினோம். பாய் ஸ்விட்ச், நான் மரச் சுத்தி. காந்தம் பழைய குணத்தை லேசில் விடவில்லை. ஒவ்வொரு முறையும் காம்பஸ் முள் பாதி வந்து தயங்கியது. "வாடா கண்ணு, வா வா" என்று பாய் காந்தத்திடம் பேசினார். அவர் காந்தத்திடம் பேச ஆரம்பித்ததும் எனக்குப் பாதி உயிர் வந்தது. கடைசியில் முள் சுற்றி வந்து நின்றது.

அடுத்த சங்கடம் மாட்டுவதில். வலு நிறைந்த இரண்டு காந்தங்கள், ஒன்றையொன்று தள்ளுபவை. எதிரெதிரே வாய் திறந்து கொண்டுபோனால் பூட்டுவதற்குள் ஒன்றின் வலுவை மற்றது கெடுத்துவிடும். எனவே இரண்டையும் கீப்பரோடு சேர்த்தே உள்ளே வைத்தோம். வாய் மூடியிருந்ததால் அவை தள்ளவில்லை, நல்ல பிள்ளைகளாக உட்கார்ந்தன. திருகுகளை இறுக்கினோம். ஒரு கீப்பரை பாய் பிடித்தார், மற்றதை நான்.

"புடுங்காத. வெண்ணெயில கத்தி போற மாதிரி பக்கமா வழுக்கு. ரெண்டு பேரும் ஒண்ணா."

வழுக்கினோம். இரண்டு துண்டும் வெளியே வந்ததும் கிட்டார் லேசாக முனகியது போல ஒரு சத்தம். திருகுகள் தாங்கிக்கொண்டன. பாய் குண்டூசியை எடுத்து உள்ளே போட்டார். நின்றது. அவர் அதை விரலால் சாய்த்தார். எழுந்து நின்றது. திரும்பச் சாய்த்தார். இந்த விளையாட்டை அவர் நிறுத்துவதாக இல்லை. அண்ணன்தான், "தந்திய முறுக்கட்டா பாய்?" என்று கேட்டார்.

முந்தைய நாள் சத்தம் போதாமல் ஆம்ப்ளிஃபையரை முழுவதும் திருகி வைத்திருந்தோம். குறைக்க மறந்துவிட்டோம். அண்ணன் தட்டிய முதல் தந்தியில் கடையின் தகர ஷட்டர் அதிர்ந்தது. தெருவில் போன சைக்கிள்காரர் காலை ஊன்றிவிட்டார். டீக்கடையிலிருந்து, "யோவ் பாய், இன்னாய்யா ஒடஞ்சுது?" என்று குரல் வந்தது. ஞானம் அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு சிரித்தார். பாய் சுவர்ப்பக்கம் திரும்பி மூக்கைச் சிந்தினார்.

ஞாயிற்றுக்கிழமை பாய் கடைக்கு வந்து, "வளவனூர்ல ஒரு ஸ்பிரேயர் பாக்கணும், வா" என்றார். அங்கே ஸ்பிரேயர் எதுவும் இல்லை என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். விழுப்புரத்தில் பஸ் மாறிப் போனோம்.

ரைஸ் மில் களத்தில் பந்தல். மேடையில் கோபால் மைக்கைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். கீபோர்டு நடுவில். ஞானம் அண்ணனுக்கு ஓரத்தில், தபலாக்காரருக்குப் பின்னால் ஒரு நாற்காலி. நாங்கள் ஜெனரேட்டர் பக்கமாக நின்றோம். முதல் பாட்டில் அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இரண்டாவதிலும் அப்படியே. மூன்றாவதாக ஒரு பழைய காதல் பாட்டு. கோபால் திரும்பி அவருக்கு ஒரு விரலைக் காட்டினார்.

அந்த ஒரு பாட்டுதான். பல்லவி முடிந்து, பாடுகிறவர் மைக்கைவிட்டு விலகினார். எனக்கு மேடையைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. கம்பத்தில் கட்டியிருந்த ஹார்னைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அதிலிருந்து கிட்டார் வந்தது. வழுக்கிக்கொண்டு, இழுத்துக்கொண்டு, ஒரு ஆள் பந்தலுக்குள் நடந்து வருவதுபோல வந்தது. நடுவில் ஓரிடத்தில் எஃகுத் துண்டு தந்தியில் கரகரவென்று உரசியது. விரல் இல்லாத இடத்தில் பிடி தளர்ந்திருக்கும். அந்த உரசலும் பந்தல் முழுக்கக் கேட்டது. அண்ணன் நிறுத்தவில்லை. அதைத் தாண்டி மேலே போய், கடைசிச் சுரத்தை நீட்டி நிறுத்திப் பாடகரிடம் கொடுத்தார்.

நான் மெல்ல மேடைப் பக்கம் திரும்பினேன். கோபால் பார்வையாளர்களைப் பார்த்து நின்றபடியே, இடது கையைப் பின்னால் நீட்டி, 'முன்னால வா' என்பதுபோல ஆட்டினார். ஞானம் அண்ணனுக்கு அது புரியச் சற்று நேரம் ஆனது. பிறகு மடியில் கிட்டாரை வைத்தபடியே நாற்காலியைக் காலால் உந்தி உந்தி நகர்த்தினார். வயரில் சிக்கியது. தபலாக்காரர் தூக்கிவிட்டார்.

பாய் பெருமூச்சு விட்டார். "அல்ஹம்துலில்லாஹ். நாம வந்த வேல முடிஞ்சுது, வா" என்று திரும்பினார். அதற்குள் கல்யாண வீட்டுப் பெரியவர் ஒருவர் எங்களை மறித்துவிட்டார். "சாப்புடாம எங்க போறீங்க? நீங்க பொண்ணு வூடா, மாப்புள வூடா?"

பாய் யோசித்தார். "கிட்டாரு வூடு" என்றார்.

பெரியவருக்கு என்ன புரிந்ததோ, "அப்ப மொதப் பந்தியிலயே ஒக்காருங்க" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

இலை போட்டு உட்கார்ந்திருந்தபோது, அடுத்த பாட்டுக்கு இடைவெளி விட்ட நேரத்தில் ஞானம் அண்ணன் பந்திக்குள் குனிந்து குனிந்து வந்தார். வேர்த்து ஊற்றியது. நன்றி சொல்ல வருகிறார் என்று நான் கூச்சத்தில் தலையைக் குனிந்துகொண்டேன்.

"பாய், ஒரு பேஜாரு. முன்னாடி ஒண்ணும் கேக்காது. இப்ப என் வெரலு இல்லாததுகூட கேக்குது. கரகரன்னுச்சே, கேட்டீங்களா? மேக்னெட்ட கொஞ்சமாக் கொறைக்க முடியுமா?"

பாய் அப்பளத்தை உடைத்தார். "மேக்னெட்டு கொறையாது தம்பி. நீ தெனமும் ஒக்காந்து சாதகம் பண்ணு."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான். நாங்க இன்னா, வெரலுக்கா சார்ஜ் ஏத்தறோம்?"

அண்ணன் வாய்விட்டுச் சிரித்தார். பந்தியில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். மேடையிலிருந்து கோபால் மைக்கில், "ஞானம், எங்கப்பா போய்ட்ட? அடுத்தது உன்னுதுதான்" என்று கூப்பிட்டார். அண்ணன் இலைகளைத் தாண்டி ஓடினார்.

சாம்பார் வாளியோடு வந்தவர் எங்கள் வரிசைக்கு வந்தபோது கிட்டார் தொடங்கியது. பாடலுக்கு முன்னாலேயே தனியாக, நீளமாக. அவர் கரண்டியை வாளிக்குள் விட்டபடி மேடைப் பக்கம் திரும்பி நின்றுவிட்டார். எங்களுக்கு அப்பால் உட்கார்ந்திருந்த ஒருவர், "யோவ், சாம்பாரு!" என்று அதட்டினார். சாம்பார்காரருக்குக் கேட்கவில்லை.

பாய் சோற்றில் குழி பறித்து வைத்துக்கொண்டு, அவரைக் கூப்பிடாமல், அந்த இசை முடியும்வரை எச்சில் கையோடு உட்கார்ந்திருந்தார்.